நாலாம் நம்பர் வட்டம்

அன்புள்ள மங்கை,

பொங்கலுக்கே எழுதியிருக்கணும். திட்டு, ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பிப்பெட் ராணி உன்னை விசாரிச்சா.

விஷயம் இதுதான்டி: என் நாலாம் நம்பர் காம்பவுண்டைச் சுத்தி, கிருமி வளராத வட்டம் விழுந்திருக்கு! சல்ஃபா மருந்தான சல்ஃபனிலமைடையும் சாலிசிலால்டிஹைடு வகையறாவையும் எத்தனால்ல ரீஃப்ளக்ஸ் பண்ணி எடுத்த ஷிஃப் பேஸ், அதாவது அமீனும் ஆல்டிஹைடும் தண்ணியை விட்டுட்டுச் சேர்ந்த இமீன். மூலக்கூறு அமைப்பைக் காட்டுற என்எம்ஆர்ல 10 ppm பக்கம் இருந்த ஆல்டிஹைடு புரோட்டான் காணோம். 9-க்குக் கொஞ்சம் கீழே இமீன் ஜம்முன்னு நிக்குது. ஸ்டாஃப் ஆரியஸ் பாக்டீரியா பிளேட்ல வட்டம் 17 மி.மீ. ஈ.கோலை வழக்கம்போல அசையலை. அதோட வெளிச்சவ்வைத் தாண்டி எதுதான் சுலபமா உள்ளே போகுது?

சார் உடனே "எக்சலென்ட் ஆக்டிவிட்டின்னு எழுதும்மா"ன்னுட்டார். எனக்கு எரியுது. ஒப்பிட வெச்ச ஆன்டிபயாடிக் சிப்ரோ டிஸ்க்ல 5 மைக்ரோகிராம், என்னோடதுல 100. இருபது மடங்கு போட்டும் சிப்ரோ வட்டம்தான் பெரிசு! எம்ஐசி, அதாவது கிருமியை நிறுத்தத் தேவையான குறைஞ்சபட்ச அளவு, பார்க்கலாமான்னா, ரிவ்யூவர் கேட்டாப் பார்த்துக்கலாமாம்.

தூக்கத்தைக் கெடுக்கிறது இன்னொண்ணு. ஷிஃப் பேஸுக்குத் தண்ணிதானே எமன்? ஈரமான அகார்ல, 37 டிகிரியில ராத்திரி முழுக்க இருந்தது. முழுசாத்தான் இருந்ததா, இல்லை ஆல்டிஹைடும் சல்ஃபாவுமா உடைஞ்சுபோச்சா? ரெண்டுமே தனியாவே கிருமியை அடக்கக்கூடிய ஆளுங்க. அப்போ வட்டம் யாரோடது?

முதல் சல்ஃபா மருந்து புரொன்டோசில் ஞாபகம் இருக்கா? 1932-ல ஜெர்மன் விஞ்ஞானி டோமாக் அதைக் கொடுத்த சுண்டெலிங்க ஸ்ட்ரெப்டோகாக்கஸ்லேருந்து பிழைச்சுது. சோதனைக்குழாயிலோ அந்தச் சிவப்புச் சாயம் ஒண்ணுமே செய்யலை. 1935-ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்காரங்க குட்டை உடைச்சாங்க: உடம்புக்குள்ள பிரிஞ்சு வர்ற சல்ஃபனிலமைடுதான் வேலை பார்க்குதுன்னு. அது 1908-லேயே கெல்மோங்கிற வேதியியல்காரர் செஞ்சு வெச்ச பழைய சரக்கு! நம்ம லேப்ல பிளேட்டை மட்டும் பார்த்திருந்தா புரொன்டோசில் நேரா குப்பைக்கு. என் கதை தலைகீழ். பிளேட்ல பேர் வாங்குது, ஆனா அந்தப் பேர் அதுக்குச் சேருமான்னு தெரியலை.

அடுத்த பிளேட்ல வெறும் ஆல்டிஹைடு, வெறும் சல்ஃபா, ரெண்டையும் அதே மோல் கணக்குல வைக்கப்போறேன். சார்கிட்ட இப்போதைக்குச் சொல்லலை.

நீ ஒரு உதவி செய்யணும். உங்க மேனேஜர் ஒத்துக்கிட்டா, கலவையைப் பிரிச்சுக் காட்டுற எச்பிஎல்சி மெஷின் காலியா இருக்கிறப்போ நாலாம் நம்பரை பஃபர்ல கரைச்சு உடனே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை ஓட்டு. சாம்பிளை இந்த வாரமே கூரியர்ல அனுப்பறேன். புது பீக் வந்துச்சுன்னா உடைஞ்சிருக்குன்னு அர்த்தம், ராத்திரின்னாலும் போன் பண்ணு. சார்கிட்ட உன் பேரைச் சொல்லமாட்டேன், பயப்படாதே. வரலைன்னா அக்னாலட்ஜ்மென்ட்ல முதல் பேரு உன்னோடது.

குட்டிக்கு முத்தம்.

உன்,
செல்வி