ஓட முடியாத சொத்து

அட்டன், இலங்கை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்காலுக்குக் கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றால் அப்புறம் என்ன, தைரியமாக நட. பேத்திக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் சுகமாக இருக்கிறோம். டித்வா புயலில் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்டி, பதுளைப் பக்கம் மண்சரிவில் போன உயிர்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை, அதை விடு.

கடிதத்தில் பாதியை, பெரும் பணக்காரரின் மொத்தச் சொத்தின் மேல் வருடா வருடம் போடும் சொத்து வரிக்கே செலவழித்திருக்கிறாய். "எங்கள் இந்தியாவில் 2015இல் தூக்கியாயிற்று, நோர்வேயில் பணக்காரன் ஓடிவிட்டான், பிரான்ஸில் ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டது, இன்னும் என்ன பேச்சு?" என்று முடித்திருந்தாய். வங்கியில் வேலை பார்த்தவன் அப்படித்தான் பேசுவான். ஆனாலும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லாவிட்டால் எனக்கு இரவில் தூக்கம் வராது.

முதலில் அந்த சுக்மன் விஷயம். 2024இல் பிரேசில் தலைமை ஏற்றிருந்தபோது ஜி20 நாடுகளுக்காக அந்தப் பிரெஞ்சுப் பொருளியலாளர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். உலகத்தில் ஏறத்தாழ 3000 டொலர் பில்லியனர்கள். ஒவ்வொருவரும் வருடத்துக்குத் தம் சொத்தில் குறைந்தது 2 சதவீதத்துக்குச் சமமான வரி கட்ட வேண்டும். வருமான வரியாகவே அந்த அளவு கட்டுகிறவருக்கு மேலதிகமாக ஒரு சதமும் கிடையாது. வருடத்துக்கு 200 முதல் 250 பில்லியன் டொலர் வரை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. இதில் எனக்குப் பிடித்தது தொகை இல்லை, காரணம். உனக்கும் எனக்கும் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வருமானம் என்று ஒன்று கைக்கே வருவதில்லை. பங்கு விலை ஏறும், விற்க மாட்டார்கள். லாபம் குடும்பக் கம்பனிக்குள்ளேயே தங்கும். செலவுக்குப் பங்கை ஈடு வைத்துக் கடன் எடுப்பார்கள். வருமானமே இல்லாதவனிடம் வருமான வரி அதிகாரி என்ன கேட்பான்?

பிரான்ஸில் 10 கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளவர்களுக்கு மட்டும் இதைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2025 பெப்ரவரியில் கீழவை ஏற்றுக்கொண்டது, ஜூனில் செனட் நிராகரித்தது, பிறகு வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கீழவையும் கைவிட்டது. தோற்றது உண்மைதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

நோர்வேக்கு வருவோம். 2022இல் அங்கே வரியை 1.1 சதவீதமாக்கினார்கள், பெரிய பணக்காரர்கள் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார்கள். நீ எழுதாமல் விட்ட பாதி இதுதான்: சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு மாநிலத்திலும் சொத்து வரி இருக்கிறது! வீதம் குறைவு, அவ்வளவே. சொத்து வரியே இல்லாத ஊர் தேடிப் போனவர்கள் இல்லை அவர்கள். அவர்கள் போன பிறகும் நோர்வே அந்த வரியை வசூலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் நாட்டுக் கதை எனக்கு இன்னும் சுவையாக இருந்தது. கால்டோர் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வந்து சொல்லித்தான் இந்தியா 1957இல் சொத்து வரி போட்டது. அதே மனிதர் 1958இல் இங்கேயும் வந்தார், 1959இல் இலங்கையும் போட்டது. சொத்து வரி, செலவு வரி, நன்கொடை வரி மூன்றும் ஒன்றாக. நாம் இருவரும் பிறந்ததும் அந்தக் காலம்தான்! இங்கே 1990களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். உங்கள் ஆட்கள் 2015 வரை வைத்திருந்தார்கள், ஆனால் எப்படி? 1990களிலேயே பங்குகளையும் வைப்புகளையும் வெளியே எடுத்துவிட்டு, காலி நிலம், நகை, கார், படகு என்று மிச்சத்துக்கு மட்டும் 1 சதவீதம் போட்டார்கள். பெரிய பணம் இருக்கிற பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு மற்றதைத் தேடினால் வருடத்துக்கு ஆயிரம் கோடி சொச்சம்தான் வரும். இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது எதற்குக் காணும்? பிறகு "வசூல் போதவில்லை" என்று நிறுத்தினார்கள். இதை வரியின் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. "சொத்தைக் கணக்கெடுப்பது கஷ்டம், கணக்கெடுப்பதற்குள் ஓடிவிடும்" என்கிறாயே, அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 2023 ஜூலையில் இங்கே நடந்தது உனக்குத் தெரியுமா?

நாடு வங்குரோத்தாகிக் கடன் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் அறிவித்தது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்க வேண்டும் என்றார்கள். யார் கொடுத்த கடனில் கை வைப்பது? வங்கிகள் ஏற்கனவே நிறைய வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பாளர் பயந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். கை வைத்தது ஊழியர் சேமலாப நிதியில். நம் தோட்டத்து ஆட்கள் சாகும்வரை நம்பியிருக்கிற அதே ஈ.பி.எஃப். நிதியிடம் இருந்த முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களைக் கொடுத்துப் புது முறிகளை வாங்க வேண்டும், அவற்றுக்கு 2025 வரை 12 சதவீதம், அதன் பிறகு 9 சதவீதம். மாற்றாவிட்டால் நிதியின் வருமானத்துக்கான வரி 14இலிருந்து 30 சதவீதமாக ஏறும். வங்கிகளுக்கு நீண்ட விடுமுறை விட்டு, ஒரு சனிக்கிழமையில் பாராளுமன்றத்தைக் கூட்டி ஓட்டெடுத்து முடித்தார்கள். உறுப்பினருக்கு 9 சதவீத வட்டி உறுதி என்று அரசாங்கம் சொன்னது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் 2022 செப்டம்பரில் விலைவாசி ஏறிய வேகம் 70 சதவீதத்தைத் தொட்டபோது அந்தச் சேமிப்பில் எவ்வளவு கரைந்தது என்பதை வங்கிக்காரனான உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அதற்கு யாரும் சொத்து வரி என்று பெயர் வைக்கவில்லை. கொழுந்து எடுத்த பெண்ணின் வாழ்நாள் சேமிப்பைக் கணக்கெடுக்க எந்த நிபுணர் குழுவும் தேவைப்படவில்லை. அது ஏற்கனவே மத்திய வங்கியின் ஏட்டில் இருந்தது, சுவிட்சர்லாந்துக்கு ஓட அதற்கு வழியும் இல்லை.

அதே 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் போட்ட ஒப்பந்தத்தில், 2025க்குள் நாடு முழுதும் வீடு, நிலத்தின் மேல் ஆதன வரி, கூடவே நன்கொடைக்கும் பரம்பரைச் சொத்துக்கும் வரி என்று எழுதியிருந்தார்கள். பிறகு அது கொஞ்சம் இளைத்து, சொந்த வீட்டுக்குக் கற்பனை வாடகை போட்டு வரி கேட்கும் திட்டமானது. அப்புறம் மதிப்பீட்டுப் பதிவேடுகள் தயாராக இல்லை என்ற பேச்சு வந்தது. 2025 முடிந்துவிட்டது, அந்த வரி வரவில்லை. கடையில் பொருளோடு சேர்த்துக் கட்டும் பெறுமதி சேர் வரிக்கு (VAT) மட்டும் எந்தப் பதிவேடும் தேவைப்படவில்லை. 2019 கடைசியில் 8 சதவீதமாகக் குறைத்ததைப் படிப்படியாக ஏற்றி 2024 ஜனவரியில் 18ஆக்கினார்கள், அதுவரை விலக்கு இருந்த சமையல் கேஸுக்கும் அன்றிலிருந்துதான். கொழும்பில் மூன்று மாடி வீடு வைத்திருப்பவரும் லயத்துக் காம்பராவில் இருப்பவரும் ஒரு சவர்க்காரத்துக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள்.

ஆகவே ஆரம்பிக்க வேண்டியது ஓட முடியாத சொத்தில். நிலமும் வீடும் சூட்கேஸில் போகாது. பங்கும் கம்பனியும் பிறகு வரட்டும், அதற்குத்தான் சுக்மன் மாதிரி ஆட்கள் நாடுகள் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறார்கள். பதிவேடு இல்லை என்றால் பதிவேடு போடு. நம்மைப் பேர் போட்டு எண்ணிய தேசம்தானே இது, தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் ஒருவர் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

ஆனால் இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு பயமும் உண்டு, அது உனக்குப் புரியும். பணக்காரரிடமிருந்து எடுத்ததை நாம் ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள். 1972இல் ஓர் ஆளுக்கு 50 ஏக்கர்தான், வயல் என்றால் 25 என்று சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இந்த நாட்டில் செல்வந்தரின் சொத்தில் அதைவிடப் பெரிதாக யாரும் கை வைத்ததில்லை. இடதுசாரிகள் கைதட்டினார்கள். கைதட்டலில் நம் அப்பாக்களும் இருந்தார்கள். அந்த வருடங்களில் தோட்டத்தில் என்ன ஆயிற்று? வேலை நாள் குறைந்தது, 1973, 74இல் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் தோட்டத்து ஆட்கள் டவுனில் பிச்சை எடுத்தார்கள். நிலம் பிரித்துக் கொடுத்தபோது நம்மைப்போல் பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு எங்கே பங்கு? 1977இல் தலவாக்கலையில் தோட்டக் காணிகளைப் பிரிப்பதை எதிர்த்து நின்றபோது டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற நம் தோட்டத்து இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். உங்கள் வீட்டில் இந்தியக் கடவுச்சீட்டு வந்ததும் உன் அப்பா யோசிக்காமல் தலைமன்னாருக்கு ரயிலேறியதற்கு, நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் மட்டுமா காரணம்? பசியும்தானே.

அந்த நிலத்தின் இன்றைய நிலையையும் கேள். உரிமை அரசாங்கத்துக்கு. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்து, 53 வருடக் குத்தகை எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் காணி உறுதிப் பத்திரம் இல்லை, 7 பேர்ச், 10 பேர்ச் என்று துண்டுக் காணிப் பேச்சு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறது. மண்சரிவு அபாயம், எழும்பு என்றால் எழும்பிப் போய் நிற்கத் தன் காணி என்று ஒன்று இல்லை.

அதனால் வரி போடுவதோடு சேர்த்து, எடுத்த காசு எங்கே போகும் என்பதையும் அதே சட்டத்தில் எழுதச் சொல்வேன். பொதுக் கஜானாவுக்குள் போனது மலைக்குத் திரும்பி ஏறாது. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை 1750 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள், அதில் வேலைக்கு வரும் நாளுக்கான 200 ரூபாய் படியை அரசாங்கம் தருகிறது. தொழிலாளிக்கு வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கம்பனி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு துண்டை, அவளே கடையில் கட்டிய வரிப் பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது.

உன் மருமகன் ஆடிட்டர் ஆபிஸில்தானே இருக்கிறார்? 2015க்கு முன்னால் அந்தச் சொத்து வரிப் படிவத்தை நிரப்பியவர் யாராவது அங்கே இருந்தால், நகையையும் காலி நிலத்தையும் எந்த விலைக்குக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டு எழுது. அடுத்த கடிதத்தில் சண்டையைத் தொடர எனக்கு அது வேண்டும். சித்திரையில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், ரயில் பாதை எப்படி இருக்கிறது என்று விசாரித்து வைக்கிறேன்.

உன் பழைய கூட்டாளி