இமேஜிலிருந்து போட்ட மெஷின் திறக்காவிட்டால் பாஸ்வேர்டு மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சில தோல் கம்பெனிகளுக்கு சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். ஒரு யூனிட்டுக்குத் தயார் செய்த விர்ச்சுவல் மெஷினை (மென்பொருளால் இயங்கும் கணினியை) இமேஜாக, அதாவது அதன் டிஸ்க்கின் முழு நகலாக எடுத்து அடுத்த யூனிட்டுக்கும் போடுவது எங்கள் வழக்கம். புது மெஷின் 'ரன்னிங்' என்று காட்டும், ஆனால் உள்ளே போக முடியாது. உடனே நம் பையன்கள் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. வேலூர், காட்பாடி பயிற்சி மையங்களில் படித்துவிட்டு என்னிடம் வருபவர்களுக்கு மெஷின் உருவாக்கத் தெரிகிறது, திறக்காதபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

முதலில் திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும். 'டைம் அவுட்' என்றால் பாஸ்வேர்டு அந்த மெஷினுக்குப் போய்ச் சேரவே இல்லை. வெளியிலிருந்து உள்ளே நுழையும் வாசலான போர்ட், லினக்ஸுக்கு 22, விண்டோஸுக்கு 3389, பாதுகாப்பு விதியில் திறந்திருக்கிறதா, மெஷினுக்கு நெட்வொர்க் வந்ததா என்று பார்க்க வேண்டும். 'பர்மிஷன் டினைட்' என்று வந்தால் மெஷின் பதில் சொல்கிறது, அப்போதுதான் பயனர் பெயரையும், பாஸ்வேர்டையோ அதற்குப் பதிலாக வைக்கும் சாவிக் கோப்பையோ சந்தேகப்பட வேண்டும்.

இமேஜை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூரில் 'ஸ்பெஷலைஸ்டு' என்றால் பழைய பயனர்களும் பாஸ்வேர்டுகளும் அப்படியே வரும். 'ஜெனரலைஸ்டு' என்றால் புதிதாக உருவாக்கும்போது கொடுத்த பெயர்தான் செல்லும், பழைய அட்மின் பெயரைப் போட்டு மணிக்கணக்கில் முயன்றாலும் திறக்காது. அதற்கு அசல் மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் கட்டளையை, விண்டோஸில் சிஸ்பிரெப், லினக்ஸில் டீபுரொவிஷன், முன்கூட்டியே ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டாமலே ஜெனரலைஸ்டு என்று குறித்துவிட்டால் புது மெஷின் அரைகுறையாக நிற்கும். இன்னொன்று, அப்படிக் குறித்த அசல் மெஷினை மறுபடி இயக்கவே முடியாது, அதனால் அதற்கு முன்பே டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமீபத்தில் ஒரு பழைய லினக்ஸ் இமேஜ் இப்படித்தான் அடம்பிடித்தது. போர்ட் திறந்திருந்தது, பயனர் பெயர் சரி, ஆனாலும் டைம் அவுட். நெட்வொர்க் இல்லாமலே மெஷினின் திரையைக் காட்டும் சீரியல் கன்சோலில் பார்த்தால் நெட்வொர்க் கார்டு 'ஈத்1' என்று வந்திருக்கிறது, அமைப்புக் கோப்போ 'ஈத்0'வைத் தேடிக்கொண்டிருக்கிறது. கார்டுகளுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் விதிக் கோப்பில் அசல் மெஷினின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அப்படியே தங்கிவிட்டிருந்தது. புது மெஷினுக்கு வேறு முகவரி, அதனால் அதை இரண்டாவது கார்டு என்று எடுத்துக்கொண்டது. அந்த விதிக் கோப்பை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் லாகின் ஆகிவிட்டது. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். நம் மாவட்டத்துப் பயிற்சி மையங்களும் கல்லூரி ஆய்வகங்களும் வேண்டுமென்றே கெட்டுப்போன ஒரு இமேஜை மாணவர்களிடம் கொடுத்து, சீரியல் கன்சோல் வழியாகக் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். உங்கள் கல்விப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு செய்முறைக் கட்டுரை வந்தால் பலருக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி