ஜமுக்காளப் பிஸ்கட்

பவானி,
ஆடி 20

கண்ணு,

நல்லா இருக்கிறாயா? மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். போன் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அப்படிக் கொடுத்துவிட முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போன மார்கழியில் என் 60ஆவது பிறந்த நாளுக்கு நீ சுகர் குக்கீ செய்து கொடுத்தாய். மொத்தம் 24. எட்டில் நூல் கோன், எட்டில் என் மூக்குக் கண்ணாடி, எட்டில் என் சைக்கிள். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன், 'நல்லா இருக்குது கண்ணு' என்றேன், கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இந்த ஆடியில் அதே பிஸ்கட்டை நான் செய்தேன். அப்பத்தாவுக்காக.

அப்பத்தா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கிறது. ஆனால் காவிரிக் கூடுதுறையில் தண்ணீர் படியேறிய ஓர் ஆடிப் பதினெட்டில் பிறந்தவள் என்று அவளுடைய அம்மா சொல்வாளாம். இத்தனை வருஷத்தில் அந்த நாளுக்கென்று அவளுக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. நோம்பிக்குச் சேலை எடுப்போம், அது வீட்டில் எல்லோருக்கும் எடுப்பதுதானே.

அப்பாருவும் அவளும் ஒரே குழித்தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்ததை நீ பார்த்ததில்லை. அகல ஜமுக்காளத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பாரு நூல் ஓட்டும் நாடாவைத் தன் பாதி வரை தள்ளுவார், அவள் வாங்கி அந்தக் கரைக்குக் கொண்டு போவாள். நிறம் மாறும் இடம் வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்துவார்கள். யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் ராட்டையில், நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றிக் கொடுப்பேன். அதனால் அப்பத்தாவுக்கு என்ன படம் போடலாம் என்று யோசிக்கவே இல்லை. நீளச் சதுரமாக வெட்டி, மேலே பட்டை. உன் கட்டர்கூட வேண்டியிருக்கவில்லை, ஸ்கேலும் கத்தியும் போதும்.

அம்மாவின் நோட்டில் நீ எழுதி வைத்துவிட்டுப் போன கணக்குப்படியே மைதா கால் கிலோ, வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 100, ஒரு முட்டை. பிசைந்த மாவை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வை என்று எழுதியிருந்தாய். நான் அவசரப்பட்டு உடனே வெட்டி ஓவனில் வைத்தேன். வெண்ணெய் உருகி நாலு மூலையும் கரைந்து, ஒவ்வொன்றும் தோசை மாதிரி பரவிவிட்டது. அடுத்த தடவை குளிர வைத்துச் செய்தேன், மூலை நின்றது. 180 டிகிரியில் 11 நிமிஷம், ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட்டேன்.

அப்புறம் ஐசிங். அதில்தான் எனக்கு ஒரு நாள் போனது. வயதானவர்களுக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கரு வேண்டாம் என்று நீ அப்போதே அம்மாவிடம் சொல்லி, அதற்குப் பதிலாக மெரிங்க்யூ பவுடர் பாக்கெட்டையும் விட்டுப் போயிருந்தாய். அது ஒரு மேஜைக் கரண்டி, ஐசிங் சுகர் 150 கிராம், தண்ணீர் இரண்டு கரண்டி. கத்தியால் ஒரு கோடு கிழித்தால் 15 எண்ணுவதற்குள் கோடு மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு 5லேயே மூடியது. சர்க்கரை சேர்த்தேன், 40 எண்ணியும் மூடவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத்தான் பதத்துக்கு வந்தது. சிவப்பு ரோஸ் நிறத்திலேயே நின்றது. இன்னும் கலர் விடப் போனேன், 'மூடி வைங்க, தானா ஏறும்னு எழுதியிருக்குறா' என்று அம்மா தடுத்தாள். ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. ஈர நூலைப் பார்த்து நிறம் சொல்லாதே என்பார் அப்பாரு. நூல் காய்ந்தால் வெளுக்கும், இது காயக் காய அழுத்தமாகிறது.

சிவப்பு காய்வதற்கு முன்னால் பக்கத்திலேயே பச்சையைப் போட்டதில் நாலு பிஸ்கட் வீணாயிற்று, ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நிறம், அரை மணி நேரம் பொறுத்து அடுத்த நிறம். ஜன்னலைத் திறந்தால் ஆடிக் காற்றில் தெருப்புழுதி வந்து ஒட்டும், மூடினால் காயாது. அம்மா நாலு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, மேலே என் பழைய வேட்டியைப் போர்த்தினாள். எறும்புக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் தட்டை வைத்தோம். 20 பிஸ்கட், ஒவ்வொன்றிலும் ஐந்து பட்டை. சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பித்தது, முடிக்கும்போது 11 தாண்டிவிட்டது.

கடைசிக் கறுப்புப் பட்டையைப் போடும்போது உன் சைக்கிள் ஞாபகம் வந்தது. அம்மா போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எட்டுக் கம்பி போட்டிருக்கிறாய். 8 சைக்கிள், 16 சக்கரம், 128 கம்பி. எப்போது கண்ணு போட்டாய் இதை? நாங்கள் தூங்கின பிறகா? குட்டியை மடியில் வைத்துக்கொண்டா? கேரியரில் நூல் மூட்டை கட்டுகிற கயிறுகூட இருக்கிறது. நேர்க் கோடு போட்டதற்கே என் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. அன்றைக்குக் கடையை ஒரு மணி நேரம் கழித்துத் திறந்திருக்கலாம். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் கூடுதுறைப் பக்கம் ஒரே கூட்டம். அம்மா மட்டும் போய்க் காதோலை கருகமணி விட்டுவிட்டு வந்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அப்பத்தா கட்டிலுக்குப் போனேன். இப்போது அவளுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் பட்டை பட்டையாகத் தடவிக்கொண்டே போனாள். ஒவ்வொரு நிறம் மாறும் இடத்திலும் விரல் ஒரு கணம் நின்றது.

'ஏஞ்சாமி, இது கைல போட்டதா, மிஷின்ல போட்டதா?'

அவள் கேட்பதில் காரணம் இருக்கிறது. 1985ல் வந்த சட்டம் ஜமுக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது, பவானிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானிப் பெயரில் விற்கிறார்கள். என் கடைக்குத் தார் நூல் வாங்க வந்த வீடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோனதை நான் கண்ணால் பார்த்தவன்.

'கைலதாம்மா, நாந்தான் போட்டேன்' என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சிவப்பைத் தன் முந்தானையால் துடைத்தாள். தார் சுற்றி முடித்ததும் எனக்கு அப்படித்தான் துடைத்து விடுவாள்.

அப்புறம் பிஸ்கட்டைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் பிஸ்கட். 'இந்தப் பக்கம் ஏன் பட்டை இல்லை? ஜமுக்காளத்துக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே' என்றாள். நான் யோசிக்காமல் விட்ட விஷயம் அது. எந்தப் பக்கம் போட்டு விரித்தாலும் ஒரே மாதிரி இருப்பதுதானே நம் ஜமுக்காளம்.

'அஸ்கா சக்கரை தூக்கலா இருக்குது' என்று சொல்லிக்கொண்டே இரண்டைக் காப்பியில் நனைத்துத் தின்றாள். கச்சாயத்தைத் தொடவில்லை. மீதியை மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் தூக்குப் போசியில் போட்டு வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள், தின்னத் தருவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மேல் பக்கம் ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகு திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்துக்குப் பட்டை போட்டால், கீழே இருக்கிற ஐசிங் நொறுங்குமா? துணி விரித்து அதன் மேல் வைக்கலாமா? தை நோம்பிக்கு இரண்டு பக்கமும் போட்டுத் தருகிறேன் என்று அப்பத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நீ போன் செய்யும்போது நானே பேசுகிறேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா