இருபது நிமிடப் பாட்டுக்கும் மேடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வாரமலரில் இங்கிலாந்தின் ‘யெஸ்’ ராக் இசைக்குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டொபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ இசைத்தட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அதை ஊதிப் பெருத்த வேலை என்று ஒதுக்கிவிட்டு, எங்கள் பகுதிப் பிள்ளைகள் பாட்டை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கப் பழகவேண்டும் என்று புத்தியும் சொல்லியிருந்தார். தட்டைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. சொன்ன புத்தியை என்னால் ஏற்க முடியாது.

எண்பதுகளில் மட்டக்களப்பு நகரில் ரெக்கோடிங் பார், அதாவது பாட்டுகளைக் கசற்றில் பதிந்து கொடுக்கும் கடை, வைத்திருந்தவன் நான். கப்பலில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்த இரட்டைத் தட்டிலிருந்து இதைப் பதிந்து எடுத்தேன். நான்கு பக்கம், நான்கே பாட்டு, மொத்தம் 81 நிமிடம். சி-90 என்னும் 90 நிமிடக் கசற் ஒன்றின் ஒரு பக்கத்தில் இரண்டு, மறுபக்கத்தில் இரண்டு என்று வெட்டாமல் அடங்கியது. அன்றிலிருந்து கேட்டு வருகிறேன்.

கட்டுரையில் விடுபட்டது இது உருவான விதம். 1973 மார்ச்சில் டிரம் கலைஞர் பில் புரூஃபோர்டின் திருமண விருந்தில், கிங் கிரிம்சன் குழுவின் ஜேமி மியூர், பாடகர் ஜோன் அண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தைப் படிக்கச் சொன்னார். அந்த நூலின் ஓர் அடிக்குறிப்பு சாத்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்காக வகுக்கிறது. நான்கு பக்கத் தட்டுக்கான வடிவம் அண்டர்சனுக்கு அதிலேதான் பிடிபட்டது. கல்லடி இராமகிருஷ்ண மிஷனுக்கு அயலில் வளர்ந்து, இந்தச் சொற்களைச் சிறு வயதிலேயே கேட்டவன் நான். அவற்றை வைத்து லண்டனில் மின்கிற்றாரோடு இப்படி ஒன்று கட்டினார்கள் என்று அறிந்தபோது அந்தத் துணிவின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

அண்டர்சனும் கிற்றார் கலைஞர் ஸ்டீவ் ஹவும் சுற்றுப்பயணத்தின்போது ஹோட்டல் அறைகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்து பாட்டுகளின் கட்டமைப்பைப் போட்டார்கள். மற்ற மூவரின் கையில் அது வந்து சேர்ந்தது பிறகுதான். நாட்டுப்புறத்தில் பதியவேண்டும் என்று அண்டர்சன் விரும்பினார். முடிவில் லண்டன் மோர்கன் கலையகம்தான் கிடைத்தது, நாட்டுப்புறம்போல இருக்க உள்ளே வைக்கோல் கட்டுகளும் அட்டையில் செய்த மாடுகளும் வைத்தார்கள். கீபோட் வாசித்த ரிக் வேக்மனுக்கு மனம் ஒட்டவில்லை. அதே கட்டடத்தில் பதிந்துகொண்டிருந்த பிளக் சபத் குழுவின் தட்டிலும் போய் வாசித்தார்.

தட்டு 1973 டிசம்பரில் வெளிவந்து பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் 6ஆம் இடம். விமர்சகர்கள் பலர் கடுமையாகத் தாக்கினார்கள். அடுத்த மே மாதம் வேக்மன் குழுவை விட்டுப் போனார். ஒரு தட்டுக்கு மிஞ்சிய, இரண்டு தட்டுக்குப் போதாத சரக்கை இழுத்து நிரப்பினோம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இரண்டாம் பக்கத்துக்கு அது பொருந்தும், அங்கே எனக்கும் கவனம் சிதறும். மூன்றாம் பக்கத்தின் முன்பாதியும் அப்படித்தான். ஆனால் அதன் முடிவில் ஹவ் தனியே வாசிக்கும் கிற்றாரைக் கேட்ட எவரும் இந்தத் தட்டை முழுதாகத் தள்ள மாட்டார்கள்.

நீளத்தைக் குற்றம் சொல்ல மட்டக்களப்பாருக்கு மனம் வரலாமா? எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடிய விடிய ஆடப்படுகின்றன. ஆனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளுக்குரிய பாட்டெழுதிய சட்டம் கொடுத்தபின் மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு என்னும் முழு ஒத்திகை பார்த்து, அதன் பிறகே அரங்கேற்றம். ஆட்டமும் பாட்டும் உடம்பில் ஊறியிருக்கும். யெஸ் குழுவுக்கு இல்லாமற் போனது அந்தப் பழக்கம்தான். மேடையில் பழுக்காத இசையைக் கலையகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இதற்குச் சாட்சி அவர்களிடமே உண்டு. நான்காம் பாட்டான ‘ரிச்சுவல்’, தட்டில் ஏறக்குறைய 22 நிமிடம். பல மேடைகள் ஏறியபின் 1976இல் வாசித்தது 1980இல் ‘யெஸ்ஷோஸ்’ தட்டில் வந்தது. அது ஏறக்குறைய 29 நிமிடம். நீளம் கூடித்தான் இருக்கிறது, ஆனாலும் எங்கேயும் தொய்வில்லை. அதன் தாளவாத்தியப் பகுதியைக் கேட்கும்போது எனக்குக் கூத்தில் மத்தளமும் சல்லரி என்னும் தாளமும் சேர்ந்து ஏறும் இடம்தான் நினைவு வரும்.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. அண்மையில் இங்கே நடந்த ஒரு விழாவில், வடமோடித் தாளக்கட்டோடு கிற்றாரும் கீபோட்டும் சேர்த்து நீண்ட உருப்படி ஒன்றைக் கொண்டுவந்த பிள்ளைகளை, நேரம் போய்விட்டது என்று பாதியில் இறக்கிவிட்டார்கள். கேட்ட மட்டில் நல்ல கற்பனை, பழக்கம் மட்டும் போதாது. விழா நடத்துபவர்கள் அவர்களுக்கு ஒத்திகைக்கு ஒரு மண்டபத்தையும் சில மாத அவகாசத்தையும் கொடுத்து, முழு நேரத்தோடு மேடை ஏற்றவேண்டும். உங்கள் கட்டுரையாளரும் வந்து இருந்து முழுவதையும் கேட்டு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.