கொடைரோடு கணக்கு நேராயிருச்சு

மாப்ள,

உன் மூணு வாய்ஸ் நோட்டும் கேட்டேன். ரெண்டுல என்னைய வஞ்சிருக்க, ஒண்ணுல உம் மக பாட்டு பாடுது. மூணுக்கும் சேத்துத்தான் இந்தக் கடுதாசி. நீ பால் காய்ச்சுன அன்னைக்கு நான் திருச்சூர்ல இருந்தேன்டா, கேரளா சங்கீத நாடக அகாடமி நடத்துற இன்டர்நேஷனல் ஃபெஸ்டிவல், காலைல மேடை கைக்கு வரும், சாயங்காலம் ஷோ, நடுவுல 407 லாரில இருந்து செட்ட இறக்கி லைட்ட கட்டி எல்லாம் முடிக்கணும், ஃபோன் எந்தப் பையில இருந்துச்சுன்னே தெரியாது. தப்புதான். வீட்டுக்கு ஒரு குக்கர் வாங்கித் தர்றேன், பிரஷர் பத்தலன்னு சொல்லாத. அந்த விஷயம் முடிஞ்சது.

உம் பொண்டாட்டி சவுக்கியமா? மொட்டை துபாய்ல இருந்து வந்துட்டானா இல்ல இன்னும் "அடுத்த மாசம்" தானா?

இங்க நாடகக் குழுவுக்கு ஸ்டேஜ் மேனேஜரா ஊர் ஊரா பொழப்பு. திருச்சூர் முடிச்சு மும்பை ஜுஹூல பிருத்வி, அப்பறம் ஹெக்கோடு. ஷிமோகா பக்கம் பாக்குத் தோப்புக்கு நடுவுல ஒரு கிராமம்டா அது, அங்க 1949-லயே ஊர்க்காரங்க சேந்து நீநாசம்னு ஆரம்பிச்சு, இன்னைக்கு முழு தியேட்டரும் நாடகப் பள்ளிக்கூடமும் இருக்கு. நம்ம ஊர்ல நாலு டவுன் சேந்தாலும் இத்தன பேர் டிக்கெட் வாங்கி நாடகம் பாக்க மாட்டாய்ங்க. சரி அத விடு. ஒவ்வொரு மேடையும் ஒவ்வொரு அளவு, பிருத்வில மூணு பக்கமும் ஆடியன்ஸ், முன் வரிசை ஆள் கால நீட்டுனா நடிகர் தடுக்கி விழணும். அதனால போற ஊர்லல்லாம் முட்டி போட்டு தரையில டேப் ஒட்டி, நாற்காலி இங்க, மேஜை அங்க, இருட்டுல கண்ணுக்குத் தெரியிற மாதிரி பளபள டேப் ஒரு துண்டுன்னு மார்க் பண்றதே பாதி வேல. நீ கேக்குற "திரை இழுக்குற வேலை"யில திரையே கிடையாதுடா, பதினோரு வருஷமா ஒரு திரையக் கூட நான் இழுத்ததில்ல.

காசு கதையும் கேட்டுக்க, நீதான ஆடிட்டர். ஒரு ஃபெஸ்டிவல்காரவங்க அஞ்சு மாசமா பேமென்ட் தரல. ஆனா டிடிஎஸ் 10 பெர்சன்ட் மட்டும் கரெக்டா என் பேர்ல கட்டிருக்காய்ங்க. வராத பணத்துக்கு வரி கட்டுன ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். இத எங்க காட்டணுமோ காட்டு.

நான் எழுத உக்காந்தது இதுக்கெல்லாம் இல்ல. அப்பா பெங்களூரு வந்தாரு, என் நாடகம் பாக்க.

நம்புறியா? பதினோரு வருஷமா நான் என்ன வேல பாக்குறேன்னு அக்கம் பக்கத்துல யாராச்சும் கேட்டா "நாடகத்துல மேனேஜர்"னு சொல்லிட்டு பேச்ச மாத்துற மனுசன். பெங்களூர்ல இருக்குற அக்காதான் விடாம கூப்ட்டு வரவச்சுச்சு. அம்மா வரல, முட்டி வலி. அவரு ஒத்தையில வந்தே பாரத்துல விடியக்காலை மதுரைல ஏறி மத்தியானம் கண்டோன்மென்ட்ல இறங்கிட்டாரு, கையில அந்தச் சின்ன நோட்டு, எந்த ஸ்டேஷன் எத்தன மணின்னு பூராம் எழுதிருக்காரு. ரயில்வே கார்டா இருந்து ரிட்டயர் ஆகி பதினாலு வருஷம் ஆச்சு, யாருக்கு இந்தக் கணக்கு? இறங்குன உடனே ஃபோன்ல சொன்ன மொத வார்த்த, "கொடைரோட்ல ஸ்டாப்பே இல்லடா." சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு. முப்பத்தியொரு வருஷத்துக்கு முன்ன, டீ குடிக்க இறங்குன எங்க மாமா ஏறுறதுக்குள்ள நேரமாச்சுன்னு கொடி காட்டி, அவர விட்டுட்டு வண்டிய எடுத்த ஸ்டேஷன்தான அது.

ஷோ ரங்க சங்கராவுல. நீ பாத்ததில்ல, ஜே.பி. நகர்ல இருக்கு. கன்னட நடிகர் சங்கர் நாக் 1990-ல கார் ஆக்சிடென்ட்ல செத்துப் போனாருல்ல, அவரு நெனப்புல அவரு மனைவி அருந்ததி நாக் வருஷக்கணக்கா அலைஞ்சு 2004-ல தொறந்தது. தினம் நாடகம், திங்கக்கிழம மட்டும் லீவு. அங்க ஒரு சட்டம் உண்டு, 7.30ன்னா 7.30 தான், அதுக்கப்பறம் வந்தா டிக்கெட் இருந்தாலும் உள்ள விடமாட்டாங்க. எனக்கு ரொம்பப் புடிச்ச சட்டம் அது. நம்ம ஊர்ல தலைவர் வர்ற வரைக்கும் ஒன்றர மணி நேரம் மைக் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருப்பாய்ங்கள்ல, அதப் பாத்து வளந்தவனுக்கு அந்தக் கதவு சாத்துற சத்தம் கோயில் மணி மாதிரி.

அக்கா வீடு ஒயிட்ஃபீல்டு. அப்பா மெட்ரோல போலாம்னு சொல்லிருக்காரு, அத்தான் புதுக் கார காட்டணும்னு கெளப்பிட்டாரு. அஞ்சே காலுக்கு எடுத்த வண்டி ஏழு மணிக்கு சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிது.

இப்பத்தான் மாப்ள விஷயம். இத யார்கிட்டயும் சொல்லல, அக்காகிட்ட கூட.

ரெண்டாவது பெல் அடிச்சாச்சு. நான் மேல கன்ட்ரோல் ரூம்ல ஹெட்செட் மாட்டி உக்காந்துட்டேன். எங்க குரூப் பையன் ஒருத்தன் கதவுகிட்ட நிக்கிறவன் ஹெட்செட்ல வர்றான், "அண்ணே, உங்க வீட்டு ஆளுங்க மூணு சீட்டும் காலி, கிட்ட வந்துட்டாங்களாம், அஞ்சே நிமிஷமாம், தியேட்டர்ல கேட்டுப் பாக்கவா?" மணி 7.29. கேட்டா விட்டிருப்பாங்களா மாட்டாங்களா, அது வேற. நான் கேக்கவே இல்லடா. "வேணாம், மூணாவது பெல்லு"ன்னுட்டேன். யோசிச்சு சொல்லல. வாய் சொல்லிருச்சு. அடுத்த நிமிஷம் "ஸ்டாண்ட்பை லைட் ஒண்ணு, சவுண்ட் ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சுட்டேன்.

கீழ என்ன நடந்துச்சுன்னு அக்கா சொல்லித்தான் தெரியும். 7.33-க்கு வந்து நிக்கிறாங்க, கதவு சாத்தியாச்சு. அக்கா அந்தப் பையன்கிட்ட சண்டைக்குப் போயிருக்கு, "உள்ள மேனேஜர் எங்க தம்பி தாண்டா"ன்னு. அப்பா வாட்ச்ச பாத்துட்டு, "பேசாத, அவன் டூட்டில இருக்கான்"னு சொல்லிட்டு அத்தான் தோள்ல கை போட்டு, "வண்டி போயிருச்சு மாப்ள, வாங்க டீ குடிப்போம்"னாராம். கொடைரோட்ல டீ கிளாஸோட நின்னாருல்ல எங்க மாமா, அவரு மூஞ்சிதான்டா எனக்கு மொதல்ல ஞாபகம் வந்துச்சு.

எனக்கு உள்ள என்ன ஆச்சுன்னா, நாப்பது நிமிஷம் ஒண்ணும் இல்ல. ஹெட்செட் போட்டா வேற ஆள் நான். லைட் ஆப்பரேட்டர் மலையாளி, சவுண்டு கன்னடக்காரப் பையன், மூணு பேரும் மூணு பாஷையில வெட்டிக்கத பேசுவோம், ஆனா "கோ"ன்னு ஒரு வார்த்தைய மட்டும் சும்மா சொல்லக் கூடாது, சொன்னா அவனுங்க கை தன்னால பட்டன அமுக்கிரும். வீட்ல கூட நான் "லெட்ஸ் கோ"ன்னு சொல்றதில்ல. நம்ம ரெண்டு பேரும் அப்பாவோட பச்சைக் கொடிய எடுத்து அரசரடி காலனி கிரவுண்டுல ரயில் விளையாண்டு முதுகு தோல் உரிஞ்சுச்சே, அன்னைக்கு அவரு ஏன் அந்த அடி அடிச்சாருன்னு இந்த வேலைக்கு வந்தப்பறம்தான் புரிஞ்சுச்சு. சரி, லைட் 31, அதாவது முப்பத்தியொண்ணாவது தடவ லைட்ட மாத்துற இடம். கிழவன் பெட்டிய தூக்கிட்டு வாசலுக்கு வருவான், கதவத் தொடுவான், தொட்ட அந்த நொடி மேடை இருட்டாகணும். நூறு தடவ பண்ணுன க்யூ. ஸ்டாண்ட்பை சொல்லிட்டேன். அவன் கதவத் தொடுறான், நான் பாத்துக்கிட்டே இருக்கேன், வெளிய ஒரு கதவுகிட்ட நின்ன ஆள் ஞாபகம், ரெண்டு செகண்டு. மலையாளி திரும்பி என்னையப் பாக்குறான். அப்பறம்தான் "கோ." ஆடியன்ஸ் யாருக்கும் தெரியல. நடிகருக்குத் தெரியும், அந்த ரெண்டு செகண்டு அவரு ஒண்ணுமில்லாத கதவுல கைய வச்சுக்கிட்டு நின்னாரு.

9.08-க்கு முடிஞ்சது. நான் கீழ இறங்கி ஓடுறேன், அக்காவும் அத்தானும் பிள்ளைக்கு பரீட்சைன்னு கெளம்பிட்டாங்க, அப்பா மட்டும் கேஃபுல உக்காந்திருக்காரு. அக்கி ரொட்டி நல்லா இருந்துச்சாம். "உன் வேலைய முடி, நான் இருக்கேன்"னாரு. வேல முடியிறதுன்னா என்ன, செட்ட பிரிச்சு, வயரச் சுத்தி, பெட்டிய அடுக்கி லாரில ஏத்தணும். மணி பதினொண்ணு ஆச்சு. கொஞ்ச நேரத்துல பாத்தா டார்ச் அடிச்சுக்கிட்டு லாரிகிட்ட நிக்கிறாரு. "எத்தன உருப்படி?" 23னு சொன்னேன். பசங்க தார்ப்பாய் போடப் போறப்ப "நிறுத்து, 22 தான் ஏறிருக்கு"ன்னாரு. எண்ணிப் பாத்தா சரி, கிரீன் ரூம்ல ஒரு ட்ரங்கு, அதுவும் காஸ்ட்யூம் ட்ரங்கு, அப்படியே கெடக்கு. அடுத்த ஷோ கோயம்புத்தூர்ல மாப்ள! பசங்க அவரப் பாத்த பார்வைய பாத்திருக்கணும்.

ஆட்டோல போறப்ப கேட்டாரு, "கதவ மூடுறப்ப உன்கிட்ட கேட்டாங்களா?" பொய் சொல்லிருக்கலாம், தியேட்டர் சட்டம்னு. "கேட்டாங்கப்பா"ன்னேன். கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசல. பன்னேர்கட்டா ரோடு திரும்புனப்பறம், "லேட்டா எடுத்திருந்தா யார் பேர்ல எழுதுவ?"ன்னாரு. அது அவங்க கணக்குடா, ஒரு வண்டி ரெண்டு நிமிஷம் நின்னா கார்டு எழுதணும், சிக்னல்காரன் பேர்லயா இன்ஜினியரிங் பேர்லயான்னு. நான் ஃபோன எடுத்து ஷோ ரிப்போர்ட்ட காட்டுனேன், தினம் டைரக்டருக்கு அனுப்புறது. ஆரம்பம் 7.30, முடிவு 9.08, மொத்தம் 98 நிமிஷம். கீழ ஒரு வரி, "லைட் 31, இரண்டு நொடி தாமதம், ஸ்டேஜ் மேனேஜர் தவறு." கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ரொம்ப நேரம் படிச்சாரு. "உன் தப்ப நீயே எழுதுவியா?"ன்னாரு. ஆமான்னேன். ஏன் லேட்டுன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. அப்பறம் ஃபோன திருப்பிக் குடுத்துட்டு, "இப்ப கார்டுன்னே சொல்றதில்லடா, 2022-ல இருந்து ட்ரெயின் மேனேஜராம். நான் இருந்தப்ப மாத்திருந்தா வீட்ல ரெண்டு மேனேஜர்"னாரு.

மறுநாள் அம்மா ஃபோன். எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஏதோ அழுகும்னு நெனச்சு எடுத்தா சிரிப்பு தாங்கல அதுக்கு. "முப்பத்தியொரு வருஷம்டா, கொடைரோடு கணக்கு நேராயிருச்சு, உங்க மாமாவுக்கு அப்பவே ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன்." மாமா சின்னாளபட்டில ஊருக்கே ஸ்வீட் குடுத்தாராம்.

எல்லாரும் சிரிச்சாச்சு, எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. அவருக்கு 74. போன வருஷம் ஸ்டென்ட் வச்சது உனக்குத் தெரியும், நீதான கூட இருந்த, நான் டெல்லில இருந்தேன். பெங்களூருக்கு இன்னொரு தடவ வருவாருன்னு தோணல, "அதான் பாத்தாச்சே"ங்குறாரு. எதப் பாத்தாரு, லாரிய! கோயம்புத்தூருக்குக் கூப்ட்டேன், செக்கப் இருக்குங்குறாரு. மதுரைக்கு எங்க நாடகம் எதுவும் வந்ததே இல்ல, கூப்புட ஆள் இல்ல. ஸ்பெஷல் நாடகம்னா விடிய விடிய உக்காருவாய்ங்க, அதுல ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையிலதான் மொதத் தடவ பாத்துக்குவாங்க, ரிகர்சல் கிடையாது, மேனேஜர் கிடையாது, ஆர்மோனியக்காரரே எல்லாம். யோசிச்சா என் பொழப்பே தேவையில்லன்னு நிரூபிக்கிற ஊர்டா அது.

அதனால நீ ஒரு வேல பண்ணு. நம்ம காலேஜ் ஹால் வாடகை கேளு, டிசம்பர் வேணாம், ஜனவரில பொங்கலுக்கு அடுத்த வாரம். டைரக்டர்கிட்ட பேசிட்டேன், வண்டிச் செலவும் சாப்பாடும் வந்தாப் போதும்ங்குறாரு, என் சம்பளம் வேணாம், அந்த டிடிஎஸ்ல கழிச்சுக்க. மேடை அகலம், ஆழம், உயரம் மூணையும் டேப் வச்சு அளந்து அனுப்பு, "நல்லா பெருசா இருக்கு மாப்ள"ன்னு வாய்ஸ் நோட் அனுப்புன, கொன்னுருவேன். த்ரீ ஃபேஸ் கரன்ட் இருக்கான்னு எலக்ட்ரீசியனக் கேளு, வாட்ச்மேனக் கேக்காத. லாரி பின்பக்கம் வந்து நிக்குமான்னு பாரு.

அப்பாவ மூணு மணிக்கே கூட்டிட்டு வந்துரு, உருப்படி எண்ணட்டும். மாமாவையும் கூப்புடு, ஆனா டீ வாங்கித் தர்றேன்னு அவர வெளிய எங்கயும் கூட்டிட்டுப் போயிராத.