உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

கேனோ என்னும் பழைய மரத் துடுப்புப் படகுகளைப் பழுதுபார்த்துத் தரும் பட்டறைக்காரர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்து ஓல்ட் டவுன் கம்பெனி தன் கேனோக்களில் வரிசை எண்ணை எங்கே பொறித்தது என்று உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தவர்கள் என்பதால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று: வேலையைத் தொடங்கும் முன் அந்த எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாமனார் வழியில் எங்களிடம் வந்த 17 அடி ஓல்ட் டவுன் கேனோ ஒன்றை அண்மையில் ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். மேலே போர்த்திய கான்வாஸ் துணி கிழிந்திருந்தது, விலாச் சட்டங்கள் சில முறிந்திருந்தன. செய்து தந்த வேலையில் குறை சொல்ல முடியாது. கண்ணைப் பறிக்கிறது. உள்பக்கம் முழுக்க உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் மேல் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். எண் பொறித்த முனைக்கட்டையில் (படகின் நுனியில் உள்ள கட்டை) விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் முதல் நான்கு இலக்கங்கள் மங்கலாகத் தெரிகின்றன. கடைசி இரண்டும் இருந்த இடம் வழுவழு. சரி, மறுமுனையிலும் அதே எண் இருக்குமே என்று போனால், அங்கே கட்டையே புதுசு. பழைய கட்டை எங்கே என்று கேட்டதற்கு, உளுத்த கட்டைதானே, எரித்துவிட்டோம் என்றார்கள்.

அந்த இரண்டு இலக்கங்களோடு போனது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓல்ட் டவுனில் கட்டிய ஒவ்வொரு கேனோவுக்கும் ஓர் அட்டை போட்டார்கள். நீளம், தரம், எந்த மரம், கான்வாஸ் போர்த்திய நாள், அடித்த நிறம், எந்தத் தேதியில் எந்த ஊருக்கு அனுப்பினார்கள் எல்லாம் அதில் இருக்கும். நூறு ஆண்டுக்கு முந்திய அட்டைகள்கூடப் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. தன்னார்வலர்கள் பொறுமையாக உட்கார்ந்து அவற்றைப் படமாக்கியும் வைத்திருக்கிறார்கள். எண்ணைச் சொன்னால் அட்டை வந்துவிடும்.

இந்தக் கேனோ வந்த கதையைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. தாத்தா தொழிற்சாலைக்கே எழுதிப் பச்சை நிறத்தில் வரவழைத்தார் என்பார் மாமியார். அதெல்லாம் இல்லை, ஒரு கோடை முகாம் கழித்துவிட்டதை மலிவாக வாங்கினார் என்பார் அவருடைய தங்கை. அட்டை கிடைத்தால் ஊரும் நிறமும் வழக்கைத் தீர்த்துவிடும். இப்போது கையில் இருக்கும் நான்கு இலக்கங்களுக்கு நூறு அட்டைகள் பொருந்தும். அதில் 17 அடியை மட்டும் பிரிக்கலாம். நிறத்தை வைத்து மேலும் குறைக்கலாம். ஆனால் முதல் நிறம் எது? வெளி விளிம்புச் சட்டத்துக்கு அடியில் அதன் தடம் கொஞ்சம் ஒளிந்திருந்திருக்கும். பழைய கான்வாஸும் சட்டமும் சேர்ந்தே குப்பைக்குப் போய்விட்டன.

மற்றக் கம்பெனிகளின் கேனோக்களுக்கு இந்த வசதி இல்லை. அதே மெயினில் வீசி என்ற ஊரில் இருந்த மாரிஸ் கேனோ கம்பெனியின் தொழிற்சாலை 1919இல் எரிந்தபோது ஏடுகளும் போயின. கனடாவின் பிரெடெரிக்டனில் செய்த செஸ்ட்நட் கேனோவில் எண் இருந்தாலும் அதைக் கொண்டு தேட ஏடு இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் முனைப்பலகையின் வடிவம், விலாச் சட்டத்தின் அகலம், பித்தளை ஆணி அடித்த வரிசை என்று பார்த்துக் காலத்தை ஊகிக்கிறார்கள். மாரிஸ் வைத்திருப்பவர்களுக்கு நெருப்பின் மேல் பழி போடவாவது வழி உண்டு. எங்கள் அட்டை எங்கோ பத்திரமாக இருக்கிறது. எது எங்களுடையது என்பதுதான் அழிந்துவிட்டது, அதுவும் கூலி கொடுத்து.

பட்டறைகளை மட்டும் சொல்வானேன்? விற்கிறவர்களுக்குக் கான்வாஸ் போர்த்திய எந்தக் கேனோவும் 'நூறு வருஷத்துப் பொருள்'தான். எண் தெரியாமல் இருப்பது அவர்களுக்கு வசதி. இன்னும் சிலர் செடார் பலகை மேல் நேராகக் கண்ணாடியிழையை ஒட்டிவிட்டு, இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள். உண்மைதான், விற்றவருக்குக் கவலையில்லை. உள்ளே ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும்போது அதை உரிக்கப்போவது வேறொருவர்.

எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைத் தயவுசெய்து கேளுங்கள். கேனோ உங்கள் கைக்கு வந்த அன்றே இரு முனைக்கட்டைகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். எண் வார்னிஷில் மூழ்கியிருந்தால் வார்னிஷ் கரைப்பானும் மென்மையான தூரிகையும் போதும். அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் வேண்டாம். மேலே ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் எண் பதிந்துவிடும். கட்டையை மாற்றியே ஆகவேண்டும் என்றால், எண் உள்ள துண்டை வெட்டி உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். நிறம் ஒட்டிய பழைய கான்வாஸில் ஒரு கையகலத் துண்டையும் சேர்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். இத்தனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கும் கூலி போட்டுக்கொள்ளுங்கள், மறுபேச்சில்லாமல் தருகிறோம்.

எங்கள் கேனோவைப் பார்த்த பட்டறை நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலையை எடுக்கும்போது உங்களில் யாராவது கைபேசியில் ஒரு படமாவது எடுத்திருப்பீர்கள். உள்பக்கம் தெரிகிற எந்தப் படமானாலும் சரி, மங்கலானாலும் பரவாயில்லை, தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
நான்கு இலக்கங்களோடு காத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர்