விரல் மடங்குது, தோள் எழும்பலை

அன்புள்ள குமாரு,

நலம். பொங்கலிலிருந்து பதில் போடாததற்குத் திட்டு வாங்கிக்கொள்கிறேன், நேரில். இப்போது நீ எழுதிக் கேட்ட உன் அண்ணன் கை.

கால் தடுமாற்றத்துக்காகக் கழுத்தின் பின்பக்கம் ஆபரேஷன், கால் தேறியிருக்கிறது, மூன்றாம் நாள் காலையில் வலது கையைத் தோளிலிருந்து தூக்க முடியவில்லை. சோற்றைப் பிசைகிறார், வாய்க்குக் கொண்டுபோக வரவில்லை. இது அச்சு அசலான சி5 பால்சி, அதாவது கழுத்திலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு வேர் செயலிழப்பது. கத்தி பட்டு நரம்பு அறுந்துவிட்டது என்று உன் மாமனார் தீர்ப்புச் சொல்கிறாராம். அவர் தீர்ப்புகள் நமக்குத் தெரியாதா! அறுந்திருந்தால் மயக்கம் தெளிந்ததுமே கை விழுந்திருக்கும். இரண்டு நாள் நன்றாக இருந்து பிறகு விழுவது இதன் வழக்கம்.

தண்டுவடத்துக்குப் பின்னாலிருக்கும் எலும்புக் கூரையை எடுத்ததும், நசுங்கிக் கிடந்த தண்டுவடம் பின்பக்கம் நகர்ந்து மூச்சுவிடும். ஆபரேஷனே அதற்குத்தான். ஆனால் நரம்பு வேர்கள் பக்கத்துத் துவாரங்களில் மாட்டியிருக்கின்றன, தண்டுவடம் நகர்ந்தால் வேர் இழுபடும். கழுத்து வளைவின் உச்சியில் இருக்கும் சி5-க்கு இழுப்பு அதிகம், வேரும் குட்டை. அந்தத் துவாரம் முன்பே சுருங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். தண்டுவடத்துக்குள்ளேயே ஏற்படும் பாதிப்பு என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும் தோளைத் தூக்கும் டெல்டாய்டு தசை பெரும்பாலும் சி5-ஐ நம்பியிருக்கிறது. அதனால்தான் அது முதலில் படுத்துவிடுகிறது, முழங்கையை மடக்கும் பைசெப்ஸும் கொஞ்சம் தளரும். சுமார் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரும் என்பார்கள்.

அதற்காக மருத்துவர் "சரியாப் போயிடும்" என்றதோடு எழுந்து வந்துவிடாதே. எம்ஆர்ஐ எடுத்து ரத்தம் கட்டியிருக்கிறதா, ஸ்க்ரூ போட்டிருந்தால் சிடி எடுத்து அது வேரைத் தொடுகிறதா என்று பார்த்தாயிற்றா? கேள். கால் மறுபடி தளர்ந்தாலோ, விரல்கள் மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ நடுராத்திரியானாலும் அன்றே ஓடு. அது வேறு வியாதி.

மற்றபடி என் கவலை நரம்பைவிடத் தோள் மூட்டுதான். நரம்பு தேற மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட. அதற்குள் மூட்டு இறுகிவிட்டால் நரம்பு திரும்பி வந்தும் கை எழும்பாது. எல்லாரும் ஸ்லிங்கில் தொங்கப்போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நடக்கும்போது மட்டும் ஸ்லிங். உட்கார்ந்தால் முழங்கைக்கு அடியில் தலையணை. தூக்கி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தளர்ந்த தோள் கிண்ணத்திலிருந்து இறங்கிவிடும்.

தினம் மூன்று வேளை, கழுத்தை அசைக்காமல்: மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையின் பலத்தில் தலைக்கு மேல் கொண்டுபோகட்டும், பத்துத் தடவை. வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். பிறகு கைக்கு அடியில் வழவழப்பான பலகை, மேலே பவுடர், கையைப் பக்கவாட்டில் நகர்த்தப் பார்க்கட்டும். பலகையில் நகர்ந்தால் தசை பலம் ஐந்துக்கு இரண்டாம் தரம். உட்கார்ந்தபடி காற்றில் தூக்கினால் மூன்று. தோள்பட்டையைக் காது வரை குலுக்கி "தூக்கிட்டேன்" என்பார், அது திருட்டுத்தனம், கணக்கில் சேராது. களைத்துப்போகும் வரை செய்யவிடாதே. கழுத்தை எப்போதிலிருந்து அசைக்கலாம் என்று அறுத்தவர்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் போட்டு உருவிச் சொடக்கு எடுக்க மாமனார் ஆள் கூட்டிவந்தால் வாசலோடு அனுப்பு.

மூன்றும் அதற்கு மேலும் இருப்பவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். இரண்டும் அதற்குக் கீழும்தான் இழுக்கும், கொஞ்சம் குறை தங்கவும் செய்யலாம். மூன்று வாரம் கழிந்த பிறகு ஈஎம்ஜி (தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் சோதனை) எடுத்தால் தெளிவு கிடைக்கும், அதற்கு முன் எடுப்பது காசுக்குக் கேடு. ஆறு மாதமாகியும் தசையில் துடிப்பே இல்லையென்றால் நரம்பு மாற்று செய்பவரிடம் காட்டு. 1994-ல் பிரெஞ்சு மருத்துவர் ஓபர்லின் காட்டிய வழியில், கைக்குப் போகும் அல்நார் நரம்பிலிருந்து ஒரு இழையை எடுத்து பைசெப்ஸ் நரம்போடு இணைக்கிறார்கள், டெல்டாய்டுக்கு, மேற்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸுக்குப் போகும் நரம்புக் கிளை. வருடம் கடந்து போனால் தசை வாடி, ஒட்டும் நரம்புக்கு வேலை இருக்காது.

வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் சிடி. பலகையில் கை எத்தனை அங்குலம் நகர்கிறது என்று ஞாயிறுதோறும் குறித்து அனுப்பு. பவுடருக்கு உன் வீட்டில் பஞ்சமிருக்காது என்பது ஹாஸ்டலுக்கே தெரியும்.

உன்,
சேகர்